பிறீட்லாந்து: காத்திருந்த பெண்கள் கண்ட கிராமம்

ஜேர்மனி என்றதும் எமது ஊர்களில் பலருக்கு அங்கே வாழும் சகோதரனோ, மருமகளோ, பெறாமகனோ நினைவுக்கு வருவர். பெரிய நகரங்கள், அகன்ற வீதிகள், வேகமாக ஓடும் புகையிரதங்கள் என்று அவர்கள் அனுப்பும் படங்களில் பார்த்திருக்கிறோம். அதே நாடு ஒரு காலத்தில் இடிபாடாகக் கிடந்ததையும், அங்கும் இலட்சக்கணக்கான பெண்கள் கணவனின் படத்தைக் கையில் ஏந்தியபடி "இவரைக் கண்டீர்களா?" என்று கேட்டு நின்றதையும் நாம் அதிகம் அறிந்ததில்லை.

அந்தப் பெண்கள் வந்து நின்ற இடங்களில் முக்கியமானது ஒரு சிறிய விவசாயக் கிராமம். அதன் பெயர் பிறீட்லாந்து. ஜேர்மன் மொழியில் 'பிறீட' என்றால் சமாதானம், 'லாந்து' என்றால் நிலம். பொருத்தமான பெயர்தான். ஆனால் அந்தப் பெயரை உலகறியச் செய்தது யுத்தமே.

எங்கே இருக்கிறது?

ஜேர்மனியின் நடுப்பகுதியில், கீழ் சக்சனி மாநிலத்தின் தெற்கு ஓரத்தில் பிறீட்லாந்து அமைந்துள்ளது. பழைய பல்கலைக்கழக நகரமான கோட்டிங்கனிலிருந்து தெற்கே சுமார் 15 கிலோமீற்றர் தூரம். லைனே என்னும் ஆறு அதனருகே வடக்கு நோக்கி ஓடுகிறது. ஆற்றுப் பள்ளத்தாக்கின் மண் வளமானது. தானிய வயல்களும் மேய்ச்சல் நிலங்களும் உண்டு. சுற்றிவர காடு படர்ந்த சிறு குன்றுகள். 1973ஆம் ஆண்டு உள்ளூராட்சி மறுசீரமைப்பின்போது அயலிலுள்ள கிராமங்களும் ஒன்றாக்கப்பட்டன. இன்று 14 கிராமங்கள் சேர்ந்ததே பிறீட்லாந்து என்னும் உள்ளூராட்சிப் பிரிவு.

இந்தக் கிராமத்தின் தலைவிதியை எழுதியது அதன் அமைவிடம். கீழ் சக்சனி, ஹெசன், தூரிங்கியா ஆகிய மூன்று மாநிலங்களின் எல்லைகள் இதன் அருகே சந்திக்கின்றன. 1945இல் ஜேர்மனி தோல்வியடைந்ததும் வெற்றி பெற்ற நாடுகள் அதனைப் பங்கிட்டு நிர்வகித்தன. பிறீட்லாந்து பிரித்தானியரின் வலயத்தில் இருந்தது. கிழக்கே சில கிலோமீற்றர் போனால் சோவியத் வலயம், தெற்கே போனால் அமெரிக்க வலயம். ஊரின் ஊடாகப் புகையிரதப் பாதையும் சென்றது. ஆகவே கிழக்கிலிருந்து மேற்கே வருவோரும், மேற்கிலிருந்து தம் வீடு தேடிப் போவோரும் இந்த மூலைக்கு வந்து சேர்ந்தனர்.

தொழுவத்தில் தொடங்கிய முகாம்

1939இல் இந்த யுத்தத்தைத் தொடங்கியது ஹிட்லரின் ஜேர்மனி. அதில் கோடிக்கணக்கான மக்கள் மாண்டனர். 60 இலட்சம் யூதர்கள் திட்டமிட்டுக் கொல்லப்பட்டனர். ஜேர்மனியரிடம் கைதிகளாக அகப்பட்ட சோவியத் வீரர்களில் 30 இலட்சம் பேரளவில் பட்டினியாலும் நோயாலும் கொலையாலும் இறந்தனர். இவற்றை மறந்துவிட்டு ஜேர்மன் மக்களின் துயரத்தை மட்டும் பேசுவது நியாயமாகாது. ஆயினும் யுத்தத்தை முடிவு செய்தவர்கள் வேறு, அதன் சுமையைத் தலையில் ஏற்றியவர்கள் வேறு. சுமையின் பெரும் பங்கு அங்கும் பெண்களுக்கே வந்தது.

யுத்தத்தின் முடிவில் கிழக்குப் பிரதேசங்களில் வாழ்ந்த ஜேர்மனியர் சுமார் 1 கோடி 20 இலட்சம் பேர் தப்பியோடினர் அல்லது வெளியேற்றப்பட்டனர். ஆண்களிற் பலர் இறந்தோ சிறைப்பட்டோ இருந்தபடியால், குழந்தைகளையும் வயோதிபரையும் கூட்டிக்கொண்டு வீதியில் இறங்கியவர்கள் பெரும்பாலும் பெண்களே. கைவண்டியில் மூட்டை முடிச்சு, முதுகில் ஒரு பை. இடம்பெயர்ந்த எவருக்கும் அந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை.

இந்தச் சனத்திரளை ஒழுங்குபடுத்தவென்று பிரித்தானிய இராணுவம் பிறீட்லாந்தில் ஒரு முகாமை அமைத்தது. கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான விவசாயப் பரிசோதனைப் பண்ணை ஒன்று அங்கே இருந்தது. அதன் தொழுவங்களைத் துப்புரவாக்கி, 1945 செப்டெம்பர் 20ஆம் திகதி முகாமைத் திறந்தார்கள். பின்னர் வளைந்த தகரக் கூரையுடைய கொட்டில்கள் வரிசையாக எழுந்தன.

எல்லையைக் கடந்து கால்நடையாக வந்தவர்களுக்கு முதலில் பூச்சிகொல்லித் தூள் தெளிக்கப்பட்டது. பின்னர் வைத்தியப் பரிசோதனை, சூடான உணவு, படுக்க ஓர் இடம். அதற்குப் பிறகு பதிவு. பெயர், பிறந்த இடம், எங்கிருந்து வருகிறார், எங்கே போகிறார் என்று எழுதி ஒரு பதிவுச் சீட்டுக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டு இல்லாமல் பங்கீட்டு அட்டை கிடைக்காது. ஓரிரு நாட்களில் அவர்களைப் புகையிரதத்தில் ஏற்றி வேறு ஊர்களுக்கு அனுப்பினார்கள். செஞ்சிலுவைச் சங்கமும் கத்தோலிக்க, புரட்டஸ்தாந்து தொண்டு நிறுவனங்களும் அங்கே பணிபுரிந்தன.

சில வாரங்களுக்கென்று தொடங்கிய இந்த முகாம் இன்று வரை மூடப்படவில்லை. இதுவரை 40 இலட்சத்துக்கும் அதிகமானோர் இந்தச் சிறு கிராமத்தின் ஊடாகக் கடந்து சென்றுள்ளனர்.

படத்தோடு நின்ற பெண்கள்

சோவியத் யூனியனில் ஏறக்குறைய 30 இலட்சம் ஜேர்மன் வீரர்கள் கைதிகளாக இருந்தனர். அவர்களில் சுமார் 10 இலட்சம் பேர் அங்கேயே இறந்துபோயினர். எஞ்சியோர் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டு, அவர்களிற் பெருந்தொகையானோர் பிறீட்லாந்து வழியாக வந்தனர். ஒவ்வொரு தொகுதியும் வந்து சேரும்போது முகாமின் மணி ஒலிக்கும். அந்த மணி 'பிறீட்லாந்து மணி' என்று நாடு முழுவதும் அறியப்பட்டது.

மணி ஒலிக்கும் நேரத்தில் பெண்கள் கூட்டமாக நிற்பார்கள். தாய்மார், மனைவியர், சகோதரிகள். கையில் ஒரு மட்டை. அதிலே ஒட்டிய படம், பெயர், படைப்பிரிவு, கடைசியாகக் கடிதம் வந்த இடம். பஸ்ஸிலிருந்து இறங்கும் ஒவ்வொருவரின் முகத்துக்கு நேரே அந்த மட்டையை உயர்த்திப் பிடிப்பார்கள். வருபவர் தன்னுடையவர் இல்லை என்று தெரிந்தாலும் அவர்கள் விலகிப் போவதில்லை. வருபவருக்குத் தன்னுடையவரைத் தெரிந்திருக்கலாம் அல்லவா?

1955 செப்டெம்பரில் மேற்கு ஜேர்மனியின் தலைவர் கொன்றாட் அடனோவர் மொஸ்கோ சென்று பேச்சுவார்த்தை நடத்தினார். அதன் பயனாக, எஞ்சியிருந்த சுமார் 10,000 போர்க் கைதிகளை விடுவிக்கச் சோவியத் அரசு இணங்கியது. 1955 ஒக்டோபர் 7ஆம் திகதி அவர்களில் முதற் பெருந்தொகுதி பிறீட்லாந்தை வந்தடைந்தது. 1956 ஜனவரி வரை இந்த வருகை தொடர்ந்தது. யுத்தம் முடிந்து அப்போது பத்து வருடங்கள் கடந்திருந்தன. அப்பாவைக் கண்டறியாத பிள்ளைகள் பத்து, பன்னிரண்டு வயதில் முதன்முறையாக அவரைக் கண்டனர்.

நாடே மகிழ்ந்தது. ஆனால் கணக்கைப் பாருங்கள். வந்தவர்கள் 10,000 பேர். என்ன ஆனார்கள் என்று தெரியாதோர் 10 இலட்சத்துக்கும் மேல். கடைசிப் பஸ் வந்து, இனி எவரும் வரமாட்டார்கள் என்றான நாளில், மட்டையை மடித்துக்கொண்டு வீடு திரும்பிய பெண்களின் தொகை எத்தனை மடங்கு அதிகம்!

இரண்டு அட்டைகள் சந்திக்கும்போது

யுத்தம் முடிந்த வேளையில் ஜேர்மனியரில் நான்கில் ஒருவர் யாரையாவது தேடுபவராகவோ, யாராலாவது தேடப்படுபவராகவோ இருந்தார் என்று சொல்லப்படுகிறது. இந்த நிலையில் 1945இல் பிளென்ஸ்பேர்க் என்னும் வடபகுதி நகரில் இருவர் ஓர் எளிய முறையைத் தொடங்கினர். ஒருவர் கூர்ட் வாக்னர். மற்றவர் ஹெல்முட் ஷெல்ஸ்கி. பிற்காலத்தில் பெயர் பெற்ற சமூகவியலாளராக விளங்கியவர் இவர். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்கும்போது இவரது பெயரைக் குடும்பம் பற்றிய ஆய்வோடுதான் அறிந்தேன். தேடற் பணியில் அவருக்குப் பங்கிருந்தது பின்னரே தெரியவந்தது.

முறை இதுதான். தேடுபவர் தன்னைப் பற்றிய விபரங்களுடன் ஓர் அட்டையும், தான் தேடும் ஆளைப் பற்றி இன்னோர் அட்டையும் நிரப்ப வேண்டும். எல்லா அட்டைகளும் பெயர் வரிசைப்படி ஒரே தொகுப்பில் அடுக்கப்படும். ஒரு மனைவி கணவனைத் தேடி எழுதிய அட்டையை அடுக்கப் போகும்போது, அதே பெயரில் கணவன் தன்னைப் பற்றி எழுதிய அட்டை அங்கே ஏற்கனவே இருந்தால், இரண்டு அட்டைகளும் சந்தித்துவிடும். இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள் என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

இந்த முறையை ஜேர்மன் செஞ்சிலுவைச் சங்கத்தின் தேடற் சேவை கட்டியெழுப்பியது. காலப்போக்கில் அட்டைகள் பல கோடியாகப் பெருகின. காணாமல் போனோரின் பெயர்கள் வானொலியில் வாசிக்கப்பட்டன. பெற்றோரைப் பிரிந்த குழந்தைகளின் படங்கள் பொது இடங்களில் ஒட்டப்பட்டன. பிறீட்லாந்தில் வந்திறங்கிய கைதிகளிடமும் "யாரோடு இருந்தீர்? யார் இறந்ததைக் கண்டீர்? எங்கே புதைத்தார்கள்?" என்று கேட்டு எழுதினார்கள்.

1957, 1958ஆம் ஆண்டுகளில் காணாமல் போன சுமார் 14 இலட்சம் பேரின் விபரங்கள் 200க்கும் மேற்பட்ட தடித்த நூல்களாக அச்சிடப்பட்டன. அவற்றில் சுமார் 9 இலட்சம் படங்கள் இருந்தன. படைப்பிரிவு வாரியாகத் தொகுக்கப்பட்ட அந்த நூல்களை ஊர் ஊராகக் கொண்டுபோய், திரும்பி வந்த வீரர்களுக்குக் காட்டி விசாரித்தனர். 1990களில் சோவியத் ஆவணக் காப்பகங்கள் திறக்கப்பட்டபோது மேலும் பல குடும்பங்களுக்குப் பதில் கிடைத்தது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னர் வந்த பதில் அது. சிலருக்கு இறந்த திகதி தெரிந்தது. சிலருக்குப் புதைத்த இடம் தெரிந்தது. பதில் கிடைக்காமலே கண்மூடிய தாய்மார் எத்தனையோ பேர்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. படத்தோடு நின்ற பெண்ணின் கண்ணீரால் மட்டும் பதில் கிடைத்துவிடவில்லை. கேட்பதற்கு ஆள் இருந்தது. கேட்டதை எழுதுவதற்கு அட்டை இருந்தது. எழுதியதைப் பாதுகாக்க அலுவலகம் இருந்தது. அதற்குச் செலவிட அரசும் முன்வந்தது. தேடுவது தாயின் வேலை மட்டுமல்ல, சமூகத்தின் வேலை என்று அங்கே ஏற்றுக்கொள்ளப்பட்டது.

வராதவர்களின் மனைவியர்

காத்திருக்கும் பெண்ணும் பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டும். மேற்கு ஜேர்மனியில் போரினால் விதவையானோர் 10 இலட்சத்துக்கும் அதிகம். கணவன் இறந்தானா, இருக்கிறானா என்று தெரியாதவர்களின் நிலையோ இன்னும் சிக்கலானது. அவர்கள் விதவைகளும் அல்லர்.

காணாமல் போனவரை இறந்தவராகப் பிரகடனம் செய்ய நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். ஆனால் "நானே என் கையால் அவரைச் சாகடிப்பதா?" என்று பல பெண்கள் தயங்கினர். இந்தத் தயக்கத்தை 1950ஆம் ஆண்டின் போர்ப் பாதிப்புற்றோர் உதவிச் சட்டம் ஓரளவு கருத்திற் கொண்டது. ஒருவர் இறந்திருப்பதற்கான சாத்தியம் மிக அதிகம் என்றால், மரணப் பிரகடனம் செய்யாமலே அவரது குடும்பத்துக்கு உதவித்தொகை வழங்க அது இடமளித்தது. நம்பிக்கையைக் கைவிட்டாற்றான் பணம் என்ற நிபந்தனை அங்கே தளர்த்தப்பட்டது.

எல்லாம் நல்லபடி நடந்ததாக எண்ண வேண்டாம். விதவை மறுமணம் செய்தால் மாதாந்த உதவித்தொகை நின்றுவிடும். ஆகவே பலர் திருமணப் பதிவின்றி இன்னொருவருடன் குடும்பம் நடத்தினர். பிள்ளைகள் அவரை "மாமா" என்று அழைத்ததால் அதற்கு "மாமாக் கல்யாணம்" என்ற கருத்தில் ஒரு பெயரே வந்தது. ஊரார் வாய்க்கு அது அவலாயிற்று. பழி பெண்ணுக்கே போயிற்று. இறந்தவராகப் பிரகடனம் செய்யப்பட்ட கணவன் திரும்பி வந்த சம்பவங்களும் உண்டு. உண்மை அறியாமல் மனைவி மறுமணம் செய்திருந்தால் புதிய திருமணமே செல்லும் என்று சட்டம் சொன்னது. சட்டம் சொல்வது இலகு. அந்த வீட்டு வாசலில் நின்ற மூவரின் மனநிலையை எந்தச் சட்டத்தால் தீர்க்க முடியும்?

கணவன் திரும்பி வந்த குடும்பங்களிலும் சிக்கல் தீரவில்லை. பத்து வருடம் தனியே உழைத்து, வீட்டை நடத்தி, முடிவுகளை எடுத்துப் பழகிய பெண். நோயும் கெட்ட கனவும் சுமந்து, "வீட்டுத் தலைவன் நான்" என்று திரும்பிய ஆண். இருவரும் ஒருவருக்கொருவர் அந்நியராகிப் போயிருந்தனர். பல வீடுகளில் சண்டை வந்தது, பிரிவும் வந்தது. ஒருவர் வீடு வந்து சேர்ந்தவுடன் யுத்தம் முடிந்துவிடுவதில்லை.

வந்தவர்கள் எல்லோரும் அப்பாவிகளா?

பிறீட்லாந்தின் கதையைச் சொல்லும்போது கசப்பான பகுதியையும் சொல்ல வேண்டும். 1955இல் மணியோசையோடு வரவேற்கப்பட்டவர்களுள் போர்க் குற்றவாளிகளும் இருந்தனர். அவ்வாறு அந்த ஆண்டு நாடு திரும்பியவர்களில் ஒருவர் கார்ள் கிளவுபேர்க் என்னும் வைத்தியர். அவுஷ்விட்ஸ் வதைமுகாமில் சிறைப்பட்டிருந்த யூதப் பெண்கள் மீது மலடாக்கும் பரிசோதனைகளை நடத்தியவர் இவர். ஜேர்மனியின் யூத அமைப்பு முறைப்பாடு செய்ததையடுத்து 1955 நவம்பரில் கைது செய்யப்பட்டார். 1957இல், வழக்கு விசாரணை தொடங்குமுன்பே இறந்துபோனார்.

அவரால் வாழ்வு சிதைக்கப்பட்ட பெண்களுக்கு நீதிமன்றத்தில் முகத்துக்கு முகம் சொல்லும் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை. ஒரு பக்கத்துக் காத்திருப்பைக் கௌரவிக்கும்போது மறு பக்கத்தின் காயத்தை மூடிவிடக் கூடாது என்பதை இது சொல்கிறது.

மற்றவர்களுக்கும் திறந்த வாசல்

ஜேர்மனியருக்கென்று தொடங்கிய முகாமுக்குப் பின்னர் வேற்று நாட்டவரும் வந்தனர். 1956இல் ஹங்கேரியிலிருந்து தப்பி வந்தோர், 1973இன் இராணுவச் சதிக்குப் பின்னர் சிலியிலிருந்து வந்தோர், 1978 டிசெம்பரில் வியட்நாமியப் படகு அகதிகள். 'ஹாய் ஹோங்' என்ற கப்பலில் எந்த நாடும் ஏற்காமல் கடலில் தத்தளித்த அந்த மக்களில் ஆயிரம் பேரை ஏற்பதாகக் கீழ் சக்சனி மாநில முதல்வர் ஏர்ன்ஸ்ட் அல்பிறெக்ட் அறிவித்திருந்தார். 2013 செப்டெம்பரில் சிரிய யுத்தத்திலிருந்து 107 பேர் விமானத்தில் ஹனோவர் நகருக்கு வந்து, அங்கிருந்து பிறீட்லாந்துக்கு அழைத்து வரப்பட்டனர். முன்னைய சோவியத் நாடுகளிலிருந்து வரும் ஜேர்மன் வம்சாவளியினருக்கும் இதுவே முதல் வாசல். புகலிடம் கோருவோரும் இங்கே தங்கவைக்கப்படுகின்றனர்.

கிராமத்தின் மேலே ஒரு குன்றில், 28 மீற்றர் உயரமான கொங்கிறீற் நினைவுச் சின்னம் 1967இல் திறந்து வைக்கப்பட்டது. 2016இல் பழைய புகையிரத நிலையக் கட்டடம் நூதனசாலையாக்கப்பட்டது. அதன் அருகில் இன்றும் முகாம் இயங்குகிறது. நூதனசாலைக்குள் அன்றைய அகதிகளின் கதை. வெளியே வந்தால் இன்றைய அகதிப் பிள்ளைகள்.

நாம் எடுத்துக்கொள்ளக் கூடியது

சகோதரிகளே, ஒரு நாட்டின் யுத்தம் இன்னொரு நாட்டின் யுத்தம் போன்றதல்ல. அங்கே தோற்றது ஓர் அரசு; இங்கே கதை வேறு. ஆகவே அப்படியே ஒப்பிட முடியாது. ஆனால் பதிலுக்காகக் காத்திருப்பது பைத்தியக்காரத்தனமல்ல என்பதைப் பிறீட்லாந்தின் வரலாறு உறுதியாகச் சொல்கிறது. "இத்தனை வருடமாகிவிட்டது, இனியும் ஏன் கேட்கிறாய்?" என்று சொல்வோருக்கு, ஐம்பது ஆண்டு கழிந்தும் பதில் கிடைத்த குடும்பங்கள் உண்டு என்று சொல்லலாம்.

காத்திருப்பதும் வாழ்வதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதையும் அது சொல்கிறது. காணாமல் போனவரை இறந்தவர் என்று எழுதாமலே, அவர் காணாமல் போயிருப்பதை உறுதிப்படுத்தும் சான்றிதழ் பெற எமது நாட்டிலும் 2016இல் சட்டம் வந்தது. அதனைப் பெறுவதா, விடுவதா என்பது உங்கள் முடிவு. எவரும் வற்புறுத்தக் கூடாது. ஆனால் அப்படியொன்று இருக்கிறது என்பதைத் தெரிந்து வைத்திருப்பது உங்கள் உரிமை.

விபரங்களைப் பேணுவதும் மிக முக்கியம். படம், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டையின் பிரதி, கடைசியாகக் கண்ட இடம், திகதி, உடனிருந்தோர், முறைப்பாடு செய்த இடமும் அதன் இலக்கமும் என எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். வெவ்வேறு பத்திரங்களில் பெயர் வெவ்வேறு விதமாக எழுதப்பட்டிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பிரதியை நம்பிக்கையான இன்னொரு வீட்டில் வையுங்கள். வெள்ளத்துக்கும் கறையானுக்கும் எமது துயரம் தெரியாது. எழுதத் தெரியாத அம்மாவுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும். பிறீட்லாந்தில் அந்த மாபெரும் வேலையும் ஒரு பெயரைக் கேட்டு எழுதுவதில்தான் தொடங்கியது.